டாக்ல விழுந்தா யார் பொறுப்பு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல போட் வாங்குறதைப் பத்தி ஒரு பதில் எழுதினேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதி போட்டைக் கட்டுற இடத்தைப் பத்திதான் இருந்துச்சு. அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப ஏரி, கடல்னு இறங்க ஆரம்பிச்சிருக்காங்க, சந்தோஷம். ஆனா மரினால, அதாவது வாடகைக்குப் போட்டைக் கட்டி வைக்கற இடத்துல, அடிபட்டா என்ன பண்ணணும்னு யாருக்கும் சொல்லிக் குடுக்கலை. அதனால இந்த தடவை முழுக்க இதுதான். பேர் வேணாம்னு சிலர் கேட்டதால யார் பேரும் போடலை.

கேள்வி: அக்கா, நாங்க மேரிலாண்ட்ல அன்னாபொலிஸ் பக்கம் இருக்கோம். ஒரு மரினால வருஷ வாடகைக்கு ஸ்லிப் (ஒரு போட் நிறுத்தற இடம்) எடுத்து சின்ன போட் கட்டி வச்சிருக்கோம். செப்டம்பர்ல என் வீட்டுக்காரர் ஐஸ் பாக்ஸைத் தூக்கிட்டு டாக்ல (போட்டுக்குப் போக தண்ணிமேல போட்ட பலகைப் பாதை) போறப்ப பலகை உடைஞ்சு கால் உள்ள போயிடுச்சு. கணுக்கால் முறிஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. ஓடி வந்த மேனேஜர்கிட்ட இவரு "பரவால்ல, நான்தான் கீழ பாக்காம வந்துட்டேன்"னு சொல்லிட்டாரு. அடுத்த வாரமே பலகையை மாத்திட்டாங்க, அப்ப தப்பை ஒத்துக்கிட்ட மாதிரிதானே? கேட்டா, எல்லாம் உங்க சொந்த ரிஸ்க்னு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு சொல்றாங்க.

பதில்: அவரோட கால் சீக்கிரம் சரியாகட்டும்மா. பலகையை மாத்தினதுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரும் நம்பறது அதைத்தான். விபத்துக்கு அப்புறம் ரிப்பேர் பண்ணினதை "பாருங்க, தப்பு பண்ணிருக்காங்க"னு நிரூபிக்க கோர்ட்ல காட்ட முடியாது. ஃபெடரல் சாட்சிய விதி 407 இதைத்தான் சொல்லுது, மேரிலாண்ட் விதியும் அதே மாதிரிதான். ரிப்பேர் பண்ணினா மாட்டிக்குவோம்னு பயந்து யாரும் உடைஞ்சதை அப்படியே விட்டுடக்கூடாது, அதுக்காக வச்ச விதி. அந்த டாக் எங்க பொறுப்பே இல்லைன்னு அவங்க சொன்னா மட்டும், பொறுப்பு அவங்களுதுதான்னு காட்ட அந்த ரிப்பேரைக் கொண்டு வரலாம். அதனால உங்களுக்கு வேண்டியது பழைய பலகை. அது இன்னும் மரினா குப்பைல கிடக்கா, யாராவது போட்டோ எடுத்தாங்களா, உடனே விசாரிங்க.

மரினாக்காரர் அங்க நடக்கற எல்லாத்துக்கும் ஜவாப்தாரி கிடையாது. வாடகை குடுத்து வர்றவங்களுக்கு நியாயமான அளவு பாதுகாப்பா வச்சிருக்கணும், அப்பப்ப சோதிச்சுப் பாக்கணும், ஆபத்து இருந்தா சரி பண்ணணும், இல்லைன்னா எச்சரிக்கணும், அவ்வளவுதான். கேஸ் நிக்குறதும் விழறதும் ஒரே கேள்வியில: அந்தப் பலகை உளுத்துப் போனது அவங்களுக்குத் தெரியுமா, இல்ல ஒழுங்கா பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா? மரம் ஒரே நாள்ல உளுத்துப் போறதில்லை. ஆணி இறங்கின ஓட்டை வழியா தண்ணி உள்ள போய் அடிப்பக்கத்துல இருந்து அழுகிட்டு வரும், மேல இருந்து பாத்தா வெயில்ல வெளுத்த சாம்பல் பலகை, நல்லாதான் தெரியும். ஆனா ஆணி பக்கத்துல சாவியை வச்சு அழுத்தினா கேக்குல இறங்கற மாதிரி இறங்கும், கறுப்பா ஈரமா தூள் வரும். மேற்பார்வை பாக்கறவங்க ரெண்டு சீசனா இதைப் பண்ணலைன்னா அது அவங்க குறை. பக்கத்து ஸ்லிப்காரங்க யாராவது முன்னாடியே "இங்க ஆடுது"னு இமெயில் அனுப்பியிருந்தா அதுதான் உங்களுக்குக் கிடைக்கற பெரிய சாட்சி. ஒவ்வொருத்தரா கேளுங்க.

இப்ப கஷ்டமான பகுதி. மேரிலாண்ட், வர்ஜினியா, நார்த் கரோலினா, அலபாமா, வாஷிங்டன் டி.சி., இந்த இடங்கள்ல இன்னும் பழைய சட்டம் ஓடுது. அடிபட்டவர் மேல கொஞ்சம் தப்பு இருந்தாலும் பொதுவா ஒரு பைசா கிடைக்காது. மத்த மாநிலங்கள்ல 20 சதவீதம் உங்க தப்புன்னா 20 சதவீதம் கழிச்சுட்டு மீதி குடுப்பாங்க. இதை மாத்தச் சொல்லி 2013-ல மேரிலாண்ட் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, மாத்த மாட்டோம்னுட்டாங்க. அதனாலதான் உங்க வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வரி ஆபத்து. நம்ம ஆளுங்க வளர்ந்த விதம் அப்படி, விழுந்து கிடந்தாலும் எதிர்ல நிக்கறவர் சங்கடப்படக்கூடாதுன்னு தப்பை நம்ம மேல போட்டுக்குவோம். அந்த நல்ல குணத்தை இன்ஷூரன்ஸ் ஆள் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்குவாரு. ஆனா மனசை விட்டுடாதீங்க. பலகை மேல பாக்க நல்லா இருந்துச்சுன்னா, கீழ பாத்து நடந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதே! உங்க லாயர் இதை வச்சு வாதாடலாம்.

இன்னொண்ணு, விழுந்த இடம் டாக்கா போட்டாங்கறது ரொம்ப முக்கியம். டாக்கை நிலத்தோட நீட்சியாத்தான் சட்டம் பாக்குது, அதனால மாநிலச் சட்டம். போட்டுல இருந்தோ, போட்டுக்கு ஏற போட்ட கேங்வேல இருந்தோ விழுந்தா, தண்ணி படகுப் போக்குவரத்து இருக்கற தண்ணியா இருந்தா, கடல்சார் சட்டம் வரலாம். அதுல நம்ம தப்பு எவ்வளவோ அவ்வளவுதான் கழிப்பாங்க, வழக்குப் போட 3 வருஷம் டைம். உங்க கேஸ் டாக் மேல நடந்ததால மேரிலாண்ட் சட்டம்தான், அதுலயும் பொதுவா 3 வருஷம்.

ஒப்பந்தத்துல இருக்கற அந்த வரியை மேரிலாண்ட் கோர்ட்டுங்க பெரும்பாலும் மதிக்கறாங்க, அதை மறைச்சு சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனா தெரிஞ்சே மாசக்கணக்கா விட்டுட்டாங்கன்னு காட்ட முடிஞ்சா அது சாதாரண அலட்சியம் இல்லை, படுமோசமான அலட்சியம், அதுக்கு அந்த வரி காப்பாத்தாது. வர்ஜினியால கதையே வேற, அடிபடறதுக்கு முன்னாடி வாங்கற இந்த மாதிரி கையெழுத்து உடல் காயத்துக்குச் செல்லாதுன்னு 1992-லயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

இந்த வாரமே பண்ண வேண்டியது: சிசிடிவி பதிவு, ரிப்பேர் ரெஜிஸ்டர், வந்த புகார்கள் எதையும் அழிக்கக்கூடாதுன்னு மரினாவுக்கு எழுத்துல ஒரு லெட்டர். பல இடத்துல கேமரா பதிவு சில வாரத்துலயே தானா அழிஞ்சிடும், உங்களுக்கு ஏற்கனவே லேட்டு. அவங்க இன்ஷூரன்ஸ்ல இருந்து போன் பண்ணி "சும்மா என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கறோம்"னா லாயர் இல்லாம பேசாதீங்க. அப்புறம் உங்க போட் இன்ஷூரன்ஸ்ல மெடிக்கல் பேமென்ட்ஸ்னு ஒரு பகுதி இருக்கான்னு பாருங்க. போட்ல ஏறும்போது இறங்கும்போது நடந்ததுன்னா யார் தப்புன்னு பாக்காமயே கொஞ்சம் பணம் தர்ற பாலிசி உண்டு, உங்களது டாக் வரைக்கும் வருதான்னு கேட்டுடுங்க.

கேள்வி: மேடம், அம்மா சென்னைல இருந்து விசிட்டர் விசால வந்திருக்காங்க, வயசு 68. கலிஃபோர்னியா பே ஏரியால ஒரு ஃப்ரெண்டோட போட்டைப் பாக்கப் போனப்ப இறங்குற பாலம் ரொம்ப செங்குத்தா இருந்துச்சு, வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு. விசிட்டரா இருக்கறவங்க கேக்கலாமா? கேட்டா விசால பிரச்சினை வருமா?

பதில்: தாராளமா கேக்கலாம் தம்பி. அடிபட்டவர் எந்த விசால இருக்காருங்கறது இந்த மாதிரி சிவில் கேஸுக்குத் தடை இல்லை, நியாயமா நஷ்ட ஈடு கேட்டா விசாவும் கெடாது. அம்மா ஊருக்குப் போயிட்டாலும் கேஸ் நடத்தலாம், வாக்குமூலம் வீடியோல குடுக்க ஏற்பாடு பண்ணலாம். கலிஃபோர்னியால 1968-ல இருந்தே விருந்தாளியா வந்தாலும் வாடிக்கையாளரா வந்தாலும் இடத்துக்காரரோட கடமை ஒண்ணுதான். அம்மா மேல 30 சதவீதம் தப்புன்னாலும் மீதி 70 கிடைக்கும்.

செங்குத்தா இருந்ததுன்னு சொன்னீங்க, அன்னிக்கு அந்த நேரத்துல கடல் ஏத்தமா இறக்கமான்னு குறிச்சு வைங்க. மிதக்கற டாக் தண்ணியோட கீழ இறங்கும், கரைல மாட்டியிருக்கற பாலம் அப்படியே சாயும், அதனால காலைல சாதாரணமா நடந்த பாலம் சாயங்காலம் ஏணி மாதிரி நிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஃபெடரல் விதிப்படி சரிவு 12 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கத்துக்கு மேல போகக்கூடாது, ஆனா பாலம் 80 அடி நீளம் இருந்தா அந்தக் கணக்கு வேண்டாம், 25 ஸ்லிப்புக்குக் குறைவான சின்ன இடத்துல 30 அடியே போதும். ஆகவே சரிவு மட்டும் பாத்தா பத்தாது. சொரசொரப்பு தேய்ஞ்சிருந்துச்சா, பாசி இருந்துச்சா, கைப்பிடி எங்க முடியுது, கீழ டாக்கைத் தொடற இடத்துல தகடு தூக்கிட்டு நிக்குதா, இதையெல்லாம் அதே ஏத்த இறக்க நேரத்துல போய் போட்டோ எடுங்க.

ஒண்ணே ஒண்ணு ரொம்ப அவசரம். அந்த மரினா யாருதுன்னு இன்னைக்கே பாருங்க. தனியாருதுன்னா வழக்குப் போட 2 வருஷம் இருக்கு. பே ஏரியால நகராட்சிக்குச் சொந்தமான மரினாக்கள் உண்டு, அப்படின்னா 6 மாசத்துக்குள்ள எழுத்துல க்ளெய்ம் குடுத்தாகணும், விட்டா பெரும்பாலும் கேஸே போச்சு.

கேள்வி: அக்கா, நாஷ்வில்ல இருக்கோம். ஜூலைல நாலு குடும்பம் சேர்ந்து ஏரில ஹவுஸ்போட் எடுக்கறோம். மரினால கட்டியிருக்கும்போதே பசங்க டாக்ல இருந்து குதிச்சு நீந்தணும்னு ஆசைப்படறாங்க. லைஃப் ஜாக்கெட் போட்டா போதும்ல?

பதில்: போதாது. தயவுசெஞ்சு விடாதீங்க. கரண்ட் இருக்கற எந்த டாக் பக்கத்துலயும் பசங்களைத் தண்ணில இறக்காதீங்க, லைஃப் ஜாக்கெட் இதுல காப்பாத்தாது.

2012 ஜூலை 4, உங்க மாநிலத்துலயே செரோகி ஏரில, 10 வயசும் 11 வயசுமா ரெண்டு பசங்க ஒரு மரினா பக்கம் நீந்தினப்ப தண்ணில கசிஞ்ச கரண்ட்ல போயிட்டாங்க. அதுக்கப்புறம் 2014-ல டென்னஸி சட்டமே போட்டுச்சு: மரினா டாக்குக்கு 100 கஜத்துக்குள்ள நீந்தக்கூடாது, எச்சரிக்கை போர்டு வைக்கணும், கசிவு வந்தா கரண்டைத் துண்டிக்கற ஏற்பாடு இருக்கணும்னு.

எப்படி நடக்குதுன்னா, டாக்ல இருக்கற பெடஸ்டல்ல (கரண்ட் எடுக்கற சின்னக் கம்பம்) இருந்து போட்டுக்கு ஷோர் பவர் கேபிள், அதாவது கரைல இருந்து கரண்ட் தர்ற கேபிள், போகும். கேபிள் நைஞ்சிருந்தாலோ, போட்டுக்குள்ள வயரிங் கோளாறுன்னாலோ, எர்த் சரியா இல்லைன்னாலோ கரண்ட் தண்ணில இறங்கிக் கரைக்குத் திரும்ப வழி தேடும். ஏரித் தண்ணில உப்பு கம்மி, கரண்ட் சுலபமா போகாது. மனுஷ உடம்புல உப்பு இருக்கு, அதனால கரண்டுக்கு அந்த உடம்புதான் சுலபமான வழி ஆயிடுது. கடல் தண்ணில தண்ணியே நல்லா கடத்தும், அதனால இந்த ஆபத்து ஏரியிலதான் ரொம்ப அதிகம். 10, 15 மில்லிஆம்ப் போதும், கை கால் வேலை செய்யாது, கத்தக்கூட முடியாம முங்கிடுவாங்க. பாக்கறவங்க சாதாரணமா முங்கிட்டாங்கன்னு நினைச்சுக் குதிப்பாங்க, அவங்களும் மாட்டுவாங்க. யாராவது தண்ணில கூசுதுன்னு சொன்னா டாக்கை விட்டு எதிர்ப்பக்கம் நீந்தச் சொல்லுங்க, ஏணியைத் தொட வேண்டாம். டாக்ல இருக்கறவங்க முதல்ல மெயின் சுவிட்சை அணைக்கணும், மிதவையைத் தூக்கி வீசணும், குதிக்கக்கூடாது.

பொறுப்புன்னு பாத்தா ரெண்டு பேரும் வருவாங்க, கசியற போட்டோட சொந்தக்காரரும், கசிவைக் கண்டுபிடிச்சு அணைக்காத மரினாவும். தேசிய மின் விதித்தொகுப்புல டாக்குல எவ்வளவு கசிஞ்சா கரண்ட் தானா நிக்கணும்ங்கறதுக்கு 2011-ல 100 மில்லிஆம்ப்னு வச்சாங்க, 2017-ல 30-ஆ குறைச்சாங்க. பழைய மரினாக்காரங்க "நாங்க கட்டினப்ப இந்த விதி இல்லை"ன்னு சொல்லுவாங்க. விதியை மீறலைங்கறது அவங்களுக்கு ஒரு சாட்சிதான், ஆனா அதோட முடிஞ்சிடாது, இத்தனை சாவுக்கு அப்புறம் ஆபத்து எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு கேக்கலாம். நல்ல மரினால ஒரு ஆள் கிளாம்ப் மீட்டரை எடுத்துட்டு ஒவ்வொரு கேபிளையும் முழுசா சுத்திப் பிடிச்சுப் பாப்பாரு. போற கரண்டும் வர்ற கரண்டும் சமமா இருந்தா மீட்டர் சைபர் காட்டும், வித்தியாசம் இருந்தா அவ்வளவும் வேற வழியா போகுதுன்னு அர்த்தம். புக் பண்ற முன்னாடி போன் பண்ணி, கடைசியா எப்ப இப்படிப் பாத்தீங்கன்னு கேளுங்க. முழிச்சாங்கன்னா வேற இடம் பாருங்க. நீச்சலுக்கு ஹவுஸ்போட்டை நடு ஏரிக்குக் கொண்டு போங்க. அங்கயும் இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின்பக்கப் படி கிட்ட பசங்க நிக்கக்கூடாது, கார்பன் மோனாக்சைடு அங்கதான் சேரும்.

கேள்வி: பொண்ணுக்கு செயிலிங் கேம்ப். நியூ ஜெர்சில இருக்கோம். டாக்லயோ போட்லயோ என்ன ஆனாலும் கேக்க மாட்டோம்னு எங்ககிட்ட கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா?

பதில்: போடாம சேர்க்க மாட்டாங்க, போடுங்க. அப்பா அம்மா போடற இந்தக் கையெழுத்து குழந்தையோட உரிமையைப் பறிக்காதுன்னு நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006-ல தீர்ப்பு சொல்லியிருக்கு. ஆனா மேரிலாண்ட்ல 2013-ல நேர் எதிரா தீர்ப்பு வந்துச்சு, அதனால அடுத்த வருஷம் கேம்ப் வேற மாநிலத்துலன்னா மறுபடி விசாரிங்க.

கேள்வி: அட்லாண்டால இருந்து எழுதறேன் மேடம். இங்க ஜார்ஜியா கடலோரத்துல சபேலோ தீவுல ஃபெர்ரிக்குப் போற பாலம் உடைஞ்சு 7 பேர் செத்தாங்களே, அது அரசாங்க டாக். அரசாங்கத்தை யார் கேக்க முடியும்? நாங்க அடிக்கடி லேக் லேனியர் போறவங்க, அங்க எப்படி?

பதில்: 2024 அக்டோபர் 19. அடிமைகளா கொண்டு வரப்பட்டவங்களோட வாரிசுகள், கல்லா கீச்சி மக்கள், அவங்க பண்பாட்டு விழாவுக்கு வந்திருந்த கூட்டம், ஃபெர்ரிக்காக அந்த அலுமினியப் பாலத்துல நின்னுட்டு இருந்துச்சு. நடுவுல முறிஞ்சிடுச்சு. செத்தவங்க எல்லாம் வயசானவங்க. எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னன்னா அந்தப் பாலம் பழசு கிடையாது, 2021-ல போட்டது. டாக்கும் ஃபெர்ரியும் முடியாதவங்க ஏற இறங்க வசதியா இல்லைன்னு தீவு மக்களே வழக்குப் போட்டு, அந்த சமரசத்துக்கு அப்புறம் வந்த புதுப் பாலம். ஃபெர்ரிக்கு நிக்கறவங்க பாலத்துல கூட்டமாத்தான் நிப்பாங்க, அதைத் தாங்கற மாதிரி கட்டறதுதானே வேலை!

ஜார்ஜியா மாநில அரசு மேல கேஸ் போடலாம், ஆனா 12 மாசத்துக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், ஒரு ஆளுக்கு 10 லட்சம் டாலர், ஒரு விபத்துக்கு மொத்தமா 30 லட்சம்தான் உச்சவரம்பு. 7 உயிருக்கும் அடிபட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து! அந்த வரம்பு, டிசைன் பண்ணின, கட்டின தனியார் கம்பெனிகளுக்குக் கிடையாது, அதனால குடும்பங்கள் அவங்க மேல வழக்குப் போட்டிருக்காங்க.

லேனியர் ஃபெடரல் ராணுவப் பொறியியல் பிரிவோட ஏரி. அவங்க இடத்துல அடிபட்டா 2 வருஷத்துக்குள்ள அந்தத் துறைக்கே முதல்ல க்ளெய்ம் குடுக்கணும், நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது. அதோட ஜார்ஜியால, காசு வாங்காம பொழுதுபோக்குக்கு இடத்தைத் திறந்து விட்டவங்க மேல கேஸ் ஜெயிக்கறது ரொம்பக் கஷ்டம், வேணும்னே எச்சரிக்காம விட்டாங்கன்னு காட்டணும். ஏரில இருக்கற தனியார் மரினா, நீங்க வாடகையோ கட்டணமோ குடுத்த இடம்னா வழக்கமான சட்டம். அன்னிக்கு குடுத்த பார்க்கிங் ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீங்க.

கேள்வி: பையன் காலேஜ் லீவுல மரினால வேலை பாக்கறான், கயிறு பிடிக்கறது, பெட்ரோல் போடறது. க்ளீட்டுக்கும் (டாக்ல கயிறு கட்டற கொக்கி) கயிறுக்கும் நடுவுல விரல் நசுங்கிடுச்சு. மரினா மேல கேஸ் போடலாமா?

பதில்: வேலைல அடிபட்டதால மாநில வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலைல அடிபட்டவங்களுக்கான நஷ்ட ஈட்டுத் திட்டம்தான்மா வழி. துறைமுகத் தொழிலாளர்களுக்கான ஃபெடரல் சட்டம், மாநில காம்ப் இருக்கற சாதாரண மரினா வேலைக்காரங்களை விட்டுடுது. காம்ப்ல யார் தப்புன்னு கேக்க மாட்டாங்க, ஆனா முதலாளி மேல தனியா கேஸும் பொதுவா போட முடியாது. போட் ஓட்டினவர் கவனிக்காம கியர் போட்டாருன்னா அவர் மேல போடலாம். இன்னைக்கே மேனேஜர்கிட்ட எழுத்துல சொல்லச் சொல்லுங்க, சீசன் முடியட்டும்னு இருக்க வேண்டாம்.

கேள்வி: நான் 20 வருஷமா போட் வச்சிருக்கேன். டாக்னா ஈரமாத்தான் இருக்கும், பாத்து நடக்கணும். எதுக்கெடுத்தாலும் கேஸ் போட்டா ஸ்லிப் வாடகைதான் ஏறும். நீங்க இதை வளர்க்கறீங்க.

பதில்: சார், உங்க அனுபவத்துக்கு மரியாதை. டாக் ஈரமா இருந்துச்சுன்னு மட்டும் ஒருத்தர் வந்தா நானும் கேஸ் இல்லைன்னுதான் சொல்லுவேன், தண்ணி பக்கத்துல ஈரம் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், கோர்ட்டும் அப்படித்தான் பாக்கும். ஆனா பாத்து நடக்கறவங்களையும் காப்பாத்தாத விஷயங்கள் இருக்கே. 2020 ஜனவரி 27, அலபாமா ஸ்காட்ஸ்பரோல ஒரு மரினால நடுராத்திரி தீ. மரத்துல டாக், மேல தகரக் கூரை, போட்லயே குடியிருந்த குடும்பங்கள். கரைக்குப் போற வழியைத் தீ மறிச்சிடுச்சு, ஜனவரி குளிர் தண்ணில குதிக்க வேண்டியதாப் போச்சு. 35 போட் எரிஞ்சுது, 8 பேர் செத்தாங்க. அவங்க யாரும் கவனக்குறைவா நடந்து விழலை, தூங்கிட்டு இருந்தாங்க.

நீங்க 20 வருஷமா ஒரே டாக்ல இருக்கீங்க, உங்க பேச்சை மரினாக்காரர் கேப்பாரு. ராத்திரி உங்க ஸ்லிப்புக்கும் கரைக்கும் நடுவுல தீப்பிடிச்சா வேற எந்த வழி, தண்ணில இருந்து மேல ஏற ஏணி எத்தனை ஸ்லிப்புக்கு ஒண்ணு இருக்கு, அது தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு பாருங்க. மிதக்கற டாக்கோட விளிம்பு தண்ணிக்கு மேல ஒண்ணரை ரெண்டு அடி இருக்கும், நனைஞ்ச ஜாக்கெட்டோட கையை ஊன்றி ஏற நம்ம வயசுல முடியாது. தீயணைப்புக் கருவில கடைசியா சோதிச்ச தேதி அட்டை தொங்குதான்னும் பாருங்க. இல்லாததை ஒரு இமெயில்ல எழுதி மரினாவுக்கு அனுப்பிட்டு, அதே டாக்ல இருக்கற மத்தவங்களுக்கும் காப்பி போடுங்க சார்.